பால் மறக்கும் கொட்டில்

"அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டா, குட்டிங்க யார் மேல கோபப்படும்?"

ஆறு வயதில் அவள் கேட்ட கேள்வி அது. பன்றிப் பண்ணையில் வேலை பார்த்த சித்தி, சிரிக்காமல் பதில் சொன்னாள். "பக்கத்துல யார் இருக்காங்களோ, அவங்க மேல."

இப்போது அந்த வேலையை அவள் பார்க்கிறாள். சித்தி சொன்னது சரிதான்.

பால் மறக்கடிக்க நேற்றுப் பிரித்த குட்டிகள், ஒன்றின் காதை ஒன்று கடித்து, உருண்டு புரண்டு சண்டை போட்டு, கடைசியில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து தூங்கின. விழித்தவை தீவனத்தைக் கொறிக்கவும் தொடங்கிவிட்டன.

இருப்பதிலேயே சின்னதான நோஞ்சான் குட்டி மட்டும் எதிலும் வாய் வைக்கவில்லை. தூங்குகிற குட்டிகளின் வயிற்றை மூக்கால் முட்டி முட்டி, இல்லாத காம்பைத் தேடிக்கொண்டிருந்தது.

கால்நடை டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, உங்க செல்லப்பிள்ளை இன்னும் உண்ணாவிரதமா? நான் திரும்பி வர்றதுக்குள்ள சாப்பிடலன்னா, ஊசி போட்டு அனுப்பிடுறதுதான் அதுக்கும் நல்லது."

"பேச்சுவார்த்தையே நடத்தாம ஊசியா டாக்டர்?" என்றாள் அவள்.

சிரித்துக்கொண்டே அவர் அடுத்த கொட்டிலுக்குப் போனார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தப்பு அவளுடையதுதான். குட்டிகள் வரும் இடமாயிற்றே என்று பினாயில் ஊற்றி, பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தாள். தாயின் வாசம் அங்கே ஒரு பொட்டுக்கூட இல்லை.

ஓட்டமும் நடையுமாகப் போய், தாய்ப்பன்றி படுத்திருந்த அழுக்குச் சாக்கைக் கொண்டுவந்து விரித்தாள்.

நோஞ்சான் மோந்தது. சுற்றி வந்தது. சாக்கின் மடிப்பில் மூக்கைப் புதைத்து, பெரிய மனுஷன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டது.

தீவனத்தை வெந்நீரில் கஞ்சியாகக் கரைத்து உள்ளங்கையில் ஏந்தினாள். "கடவுளே, ஒரே ஒரு வாய்."

நோஞ்சான் விரலைத்தான் முதலில் கடித்தது. சுருக்கென்று வலித்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கோபம் தீர்ந்ததும் நக்கியது. பிறகு சளப் சளப்பென்று குடித்தது.

டாக்டரின் ஊசிக்கு வேலையில்லாமல் போயிற்று.

மற்றவர்கள் டீ குடிக்கப் போனபோது, அவள் ஒரு ஈரத்துணியோடு தாய்ப்பன்றியிடம் போனாள். பால் கட்டி மடி கல்லாகியிருந்தது. குட்டிகளைப் பற்றியே எல்லோரும் கவலைப்பட்டார்கள். இந்தப் பக்கம் யாரும் வரவில்லை.

நோஞ்சானைப் பெற்றவள் இவள் அல்ல. பெற்றவள் ஈன்ற அன்றே செத்துப்போனாள். தன் குட்டிகளோடு இதையும் சேர்த்துக்கொண்டு, அதன் ஊசிப்பல்லுக்கெல்லாம் மடியைக் கொடுத்தவள் இவள்.

துணியை மெல்ல மடியில் ஒற்றினாள்.

"ரொம்ப வலிக்குதா, அம்மா?"

தன்னை வளர்த்த சித்தியை ஒருநாளும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.