கண்ணால் பார்த்தது

ஏரிக்கரையில் மணல் சுரங்கம் தோண்டினால் பாதுகாக்கப்பட்ட பறவைகளுக்குப் பாதிப்பு வருமா என்று ஆராய வந்திருந்தார் டாக்டர் மதிவாணன். ஆனி மாத வெயிலில், படகோட்டி தேசப்பனின் படகில் அரை மணி நேரம் சுற்றியதிலேயே அவருக்கு உண்மை விளங்கிவிட்டது.

"பூநாரை, பூஜ்யம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"சார், வெயில் காலத்துல அதுங்க இங்க இருக்காது. தை மாசத்துல வந்து பாருங்க, ஏரியே ரோஸா இருக்கும்" என்றார் தேசப்பன்.

"இத பாருப்பா, ஊர்ல ஆயிரம் சொல்லுவாங்க. நான் கண்ணால பார்த்தத மட்டும்தான் எழுதுவேன். அதுதான் அறிவியல்."

"அப்ப தையில ஒருவாட்டி கண்ணால பாத்துட்டு எழுதுங்களேன்."

"வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் குடுக்கணும். பறவை வர்ற வரைக்கும் மணல் கம்பெனி காத்திருக்குமா?"

கோட்டைக்குப்பம் கரையில் படகு நின்றது. 'பறவைகள் இல்லை, ஆகவே பாதிப்பும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிய டாக்டர், நாலடி நடந்து திரும்பி வந்தார்.

"தேசப்பா, பொங்கல் லீவுக்குப் படகை எனக்கு வெச்சிரு. போன பொங்கலுக்கு உன் படகுல பார்த்ததுலேர்ந்து என் பொண்ணு பூநாரை, பூநாரைனு உயிரை எடுக்கறா. இன்னிக்குப் போனோமே, அதே இடத்துக்குக் கூட்டிட்டுப் போ. அன்னிக்கு நம்மளச் சுத்தி ஆயிரக்கணக்குல நின்னுதே!"

"தாராளமா வாங்க சார். வரும்போது அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துனு வாங்க" என்றார் தேசப்பன். "பூநாரைங்க இங்க இல்லவே இல்லைனு அதுங்ககிட்ட நீங்களே படிச்சுக் காட்டிருங்க. நாங்க சொன்னா நம்பாதுங்க."