கட்டிவிட்ட கடிகாரம்

தீயணைப்புத் துறையிலிருந்து தெய்வசிகாமணி ஓய்வுபெற்ற அன்று, மாலை போட்ட கையோடு அவர் மணிக்கட்டில் ஒரு கடிகாரத்தையும் கட்டிவிட்டார்கள். "இனி உங்க உடம்ப இது பாத்துக்கும் சார்" என்றார் அதிகாரி. அதை நம்பித்தான் தினமும் காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடினார்.

பிறகு புது விதி வந்தது. ஓடத் தெம்பிருப்பவருக்கு ஓய்வூதியம் எதற்கு என்று கேட்டது அரசு. யார் யார் ஓடுகிறார்கள் என்பதைக் கடிகாரங்களே காட்டிக்கொடுத்தன. கூட ஓடிய ஞானதுரைக்கு முதலில் ஓய்வூதியம் நின்றது. கடிகாரத்தைக் கழற்றி வைத்தவர்களுக்கும் நின்றது. தெய்வசிகாமணி அன்றே ஓட்டத்தை விட்டார். வீட்டுக்குள்கூடத் தள்ளாடி நடக்கப் பழகினார்.

இன்று குளியலறையில் அவர் மனைவி கனகவல்லி வழுக்கி விழுந்த சத்தம் கேட்டது. முன்பின் தெரியாதவர்களுக்காக எரியும் வீடுகளுக்குள் ஓடிய மனிதர் பதறி எழுந்தார். கண் கடிகாரத்தில் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார்.

உள்ளேயிருந்து கனகவல்லியின் குரல் வந்தது.

"ஓடி வந்துடாதீங்க. ரத்தம் கொஞ்சமாத்தான் வருது. மெதுவாவே வாங்க."