திரும்பத் திரும்பக் கேட்ட டீச்சர்

"இந்த ஸ்கூல் வேண்டவே வேண்டாம், அசுந்தா!" பாதி திறந்திருந்த வகுப்புக் கதவருகே நின்று மனைவியிடம் பல்லைக் கடித்தான் கார்மினே.

மகன் நெல்லோவுக்கு ஐந்து வயதாகியும் நாலைந்து சொற்கள்தான் வரும். அதையும் வாய் திறந்து சொல்வதில்லை. ஊரே கையால் பேசும் நேப்பிள்ஸில் பிறந்த பிள்ளைக்குக் கை இருக்கிறதே! விரல்களைக் குவித்து ஆட்டினால் 'என்ன?', கன்னத்தில் விரலை வைத்துத் திருகினால் 'பிரமாதம்!'. வீட்டிலும் தெருவிலும் அவன் கேட்டது கிடைத்துவிடும்.

"நேத்துப் பார்த்த ஸ்கூல்ல புள்ள கையைத் தூக்கினதுமே எல்லாம் வந்துச்சு. இங்க எவ்வளவு நேரமா பிஸ்கட் டப்பாவைக் காட்டிக் கெஞ்சுறான்! அந்தம்மா 'என்ன வேணும் ராஜா?'ன்னு கேட்டதையே கேட்டுட்டு உக்காந்திருக்கு. நெஞ்சுல ஈரமே இல்ல!"

"கொஞ்சம் சும்மா இருய்யா," என்றாள் அசுந்தா.

உள்ளே நெல்லோ டீச்சரின் மூக்குக்கு நேரே கையை ஆட்டினான். கன்னத்தைத் திருகினான். காலை உதைத்தான். கடைசியில், "பி... பிஸ்கட் குடு!" என்று கத்தினான்.

வீசிக்கொண்டிருந்த கார்மினேயின் கை அந்தரத்தில் நின்றது.

டீச்சர் முகம் மலர்ந்து, மேசையைத் தடவித் தடவி டப்பாவை எடுத்து, குரல் வந்த பக்கம் நீட்டினாள். அவள் நாற்காலியில் ஒரு வெள்ளைக்கோல் சாய்ந்திருந்தது.

"ஊர்ல மத்த டீச்சருக்கெல்லாம் கண்ணு தெரியுது," என்றாள் அசுந்தா. "இவங்களைத் தேடிப் பிடிக்க நான் எவ்வளவு அலைஞ்சேன் தெரியுமா?"

கார்மினே உள்ளே போனான். டீச்சரைப் பார்த்துக் கன்னத்தில் விரலை வைத்துத் திருகினான். சட்டென்று நினைவு வந்து கையை இறக்கினான்.

"பிரமாதம், டீச்சர்!"