கேமரா மேலே போன கதை

"பதினேழு! எண்ணிட்டேன்யா, பதினேழு ட்ரோன் ஷாட்!"

எடிட்டிங் ரூமில் விளக்கைப் போட்டதுதான் தாமதம், தயாரிப்பாளர் எகிறினார்.

டைரக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது குடும்பப் படம்யா. அப்பா சமையல்கட்டுல நின்னு அழுறாரு, கேமரா கூரைக்கு மேல சுத்துது. பொண்ணை வழியனுப்புறாரு, அதுவும் ஆகாசத்துல இருந்து! பார்க்கிறவன் அழுவானா, இல்ல எத்தனை ஓடு உடைஞ்சிருக்குன்னு எண்ணுவானா?"

அப்பாவாக நடித்த பெரியவரும் பக்கத்திலேயே இருந்தார். ஐம்பது வருஷமாக நடிப்பவர். அவருக்கும் மனத்தாங்கல்தான்.

"நல்லா கேளுப்பா! எல்லா சீனையும் ஒரே டேக்ல முடிச்சுக் கொடுத்தேன். நான் உருகி உருகி அழுற இடத்துல என் வழுக்கையைக் காட்டுறான்!"

"மன்னிச்சிடுங்கய்யா, கொஞ்சம் ஆசைப்பட்டுட்டேன்" என்றார் டைரக்டர்.

"ஆசையாம் ஆசை! நாளைக்குள்ள பதினேழையும் தூக்கு. இல்லேன்னா அடுத்த படம் உனக்கு இல்ல" என்றார் தயாரிப்பாளர்.

டைரக்டரின் முகம் சுண்டிப்போனது. இரண்டு வருஷம் நாயாய் அலைந்து வாங்கிய வாய்ப்பு அது.

"தூக்க முடியாது சார். படம் போனா போகட்டும்."

"பாருங்கண்ணே திமிரை!" என்று தயாரிப்பாளர் பெரியவரிடம் திரும்பினார்.

பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு காபி குடிக்க வெளியே போனார்.

கதவு மூடியதும் எடிட்டரம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"வேணாம்க்கா" என்றார் டைரக்டர்.

"நீங்க சும்மா இருங்க தம்பி. சார், கீழே இருந்து எடுத்த ஷாட்டையும் ஒரு தடவை பார்த்துடுங்க."

திரையில் பெரியவர், வேலைக்காக வெளியூர் கிளம்பும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு துடித்தது. கண்ணில் நீர் முட்டியது. 'வேளாவேளைக்குச் சாப்பிடும்மா' என்று சொல்ல வேண்டிய இடம்.

"என் தம்பியைக் கொன்னுட்டுத் தப்பிச்சுடலாம்னு பார்க்கிறியா, பாவி?" என்றார் பெரியவர்.

மகளாக நடித்த பெண் திருதிருவென்று விழித்தாள்.

தயாரிப்பாளர் குபீரென்று சிரித்துவிட்டார். "இது அவரோட பழைய படத்து வசனமாச்சே!"

"பதினேழு இடத்துலயும் இதே கதைதான் சார். மாத்திப் பேசினதே ஐயாவுக்குத் தெரியாது. திரும்ப எடுத்தாலும் இன்னொரு பழைய படம்தான் வரும். டப்பிங்ல பேப்பரைப் பார்த்து அருமையா பேசிட்டார். ஆனா உதடு ஒட்டணுமே! அதான் டைரக்டர் தம்பி ஒவ்வொரு தடவையும் 'பிரமாதம்யா'ன்னு கும்பிட்டுட்டு, கேமராவை மேலே அனுப்பிட்டார். இது வெளியே தெரிஞ்சா ஐயாவை அப்புறம் யார் கூப்பிடுவாங்க?"

தயாரிப்பாளரின் சிரிப்பு நின்றுபோனது. கத்தியதை நினைத்து வெட்கமாக இருந்தது அவருக்கு.

பெரியவர் காபி டம்ளரோடு திரும்பி வந்தார்.

"என்னப்பா, தூக்கியாச்சா? எந்த மடையன் இவன் கையில ட்ரோனைக் கொடுத்தது?"

தயாரிப்பாளர் எழுந்து டைரக்டரின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"அந்த மடையன் நான்தாண்ணே! எல்லாத்தையும் மேலே இருந்து எடுன்னு இவனை நச்சரிச்சதே நான்தான். அடுத்த படத்தையும் இவன்தான் எடுக்கிறான், நீங்கதான் அப்பா. நானே சொல்லிட்டு, நானே மறந்துட்டு இவன் மேல பாஞ்சிருக்கேன் பாருங்க... எனக்கு வயசாகுதுல்ல?"