உடையாத குமிழிகள்

மறதி நோயில் கிடந்த மாமனார் ஞானையாவின் கடைவாயில் எந்நேரமும் நுரை நின்றது. கஞ்சிப் பருக்கையோடு வடியும் அதைத் துண்டால் துடைக்கும்போதெல்லாம் கரோலின் முகத்தைச் சுளித்துக்கொள்வாள். பாளையங்கோட்டை டாக்டர் வேறு ஒன்றைச் சொல்லித் தொலைத்திருந்தார். மூளையில் கெட்டுப்போன செல், தன் அழுக்கைக் கண்ணுக்குத் தெரியாத குமிழிகளில் அடைத்து வெளியே தள்ளுமாம். பக்கத்துச் செல் அதை விழுங்குமாம். மறதி அப்படியும் பரவுமாம்.

"எல்லாம் தலைக்குள்ள நடக்கதுதாம்மா. ஆளுக்கு ஆள் ஒட்டாது," என்றார். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து குருவானவர் வீட்டுக்கே நற்கருணை அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்தார். எல்லாருக்கும் ஒரே கிண்ணம். நோயாளிக்குக் கடைசியில் கொடுப்பதுதான் வழக்கம். இந்தக் குருவானவர் சபைக்குப் புதிது. மூத்தவர் என்ற மரியாதையில் ஞானையாவுக்கே முதலில் கொடுத்துவிட்டார்.

விளிம்பைத் துடைத்துவிட்டு அவளிடம் நீட்டினார். திராட்சரசத்தின் மேல் சின்னச் சின்னக் குமிழிகள் மிதந்தன. ஒன்றும் உடையவில்லை. நற்கருணையை எப்படி வேண்டாம் என்பாள்? கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். ஒவ்வொன்றும் வழவழவென்று முழுசாக இறங்கியது.

"கரோலின், ஐயா வந்திருக்காவல்லா, காப்பி போடலியா?"

ஞானையாதான். இரண்டு வருஷமாக அவளைப் பார்த்து "யாரது?" என்றே கேட்டுக்கொண்டிருந்தவர்.

அவள் திரும்பினாள். கட்டிலில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார்.

"யாரது?" என்றாள்.

அவர் மடியில் கிடந்த அழுக்குத் துண்டை எடுத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டே அவள் கடைவாயைத் துடைத்தார்.