கற்பூரம் மணக்கும் தேயிலை

கொழும்பு கொட்டாஞ்சேனையில், தவமலர் தன் தேயிலையைப் பொதி செய்யும் அறைக்குள் குத்துவிளக்கு எரிகிறது. ஏற்றுமதியாளருக்குப் புதிய வெளிநாட்டுச் சந்தை பிடித்துத் தரும் அரசாங்கத் திட்டத்தின் தொடக்க விழா. அவளுடைய தேயிலைதான் முதலில் ஜப்பானுக்குப் போகிறது. அமெரிக்காவில் வரி ஏறி வாடிக்கை விட்டுப்போன பிறகு அவளுக்குக் கிடைத்த ஒரே பிடி இதுதான். படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று பைகளை அவிழ்த்துத் தட்டுகளில் பரப்பச் சொன்ன விழாக்காரர்களே, விசிறிக் காற்றுக்குத் திரி அணைகிறது என்று விளக்கில் கற்பூரத்தையும் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். கரும்புகை தட்டுகளின் மேல் சுருண்டு படர்கிறது. தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று, தலையில் மல்லிகைப்பூ வைத்த பெண்களைக்கூட அவள் இந்த அறைக்குள் விடுவதில்லை.

"சேர், தேயிலையை மூடுவம்" என்று கெஞ்சியும் பார்த்துவிட்டாள்.

"கொஞ்சம் பொறுங்கோ மிஸ், கெமராக்காரர் இன்னும் முடிக்கேல்லை" என்கிறார் திட்டத்தின் அதிகாரி.

பேச்சுக்கு மேல் பேச்சு. கடைசிக் கைதட்டலும் ஓய்கிறது. அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தொண்டை வறண்டுபோச்சு. ஒரு பிளேன்டீ கிடைக்குமோ?" என்கிறார். தவமலர் தட்டிலிருந்தே ஒரு பிடி அள்ளிச் சாயம் வடித்து நீட்டுகிறாள். ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் கோணுகிறது.

"என்ன மிஸ் இது, கற்பூரம் மணக்குது?"

அவர் நீட்டும் கோப்பையை அவள் வாங்கவில்லை.

"ஜப்பானுக்குப் போற தேயிலைதான் சேர். மிச்சத்தையும் குடியுங்கோ."