சலோமியின் கைக்குட்டை

அந்த மடிக் கம்ப்யூட்டரைப் பார்க்கப் பார்க்க சர்வீஸ் மெக்கானிக் அமிர்தலிங்கத்துக்கு எரிச்சலாக வந்தது. மெட்ராஸிலிருந்து காரைக்காலுக்கு எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தது இந்தச் சனியனுக்காகவா?

அழிந்துபோன சிஸ்டத்தைத் திரும்ப ஏற்றத் தன் பிளாப்பியைப் போட்டான். மெஷின் விழித்தது. ஆனால் கட்டளை அடிக்க ‘ஏ’யைத் தட்டினால் திரையில் ‘க்யூ’ விழுந்தது. எத்தனை தரம் தட்டினாலும் அதேதான்.

“சார், இந்த மெஷின் எங்கேருந்து வந்துச்சுன்னா...” என்று ஆரம்பித்தார் டைப்பிங் கடை முதலாளி சந்தனசாமி.

“கதை வேண்டாங்க. கண்டவங்களும் நோண்டியிருக்காங்க. போர்டு செத்துப்போச்சு. மெட்ராஸுக்கு எடுத்துட்டுப் போனா ஒரு மாசம் ஆகும்.”

“நாளைக்கு நாப்பது பேரோட பென்ஷன் மனு போகணுமே.”

“நான் அடிச்சுப் பாக்கட்டுங்களா?” என்றாள் டைப்பிஸ்ட் சலோமி.

அமிர்தலிங்கம் முகத்தைச் சுளித்தான். டைப்ரைட்டர் தட்டுகிறவளெல்லாம் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

“அடிச்சுத் தொலைங்க.”

அவள் எழுத்துகள் தெரியாதபடி கீபோர்டின் மேல் கைக்குட்டையை விரித்து, அதனடியில் விரல்களை நுழைத்தாள். கோட்டுச்சேரி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அவன் வேண்டாவெறுப்பாகச் சொன்ன கட்டளையை அடித்தாள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. பிளாப்பி கரகரத்தது, சிஸ்டம் ஏறியது.

சந்தனசாமி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

“பாரீஸ்லேருந்து தம்பி கொண்டாந்தது சார். பிரெஞ்சுக்காரன் கீபோர்டுல சில எழுத்தை இடம் மாத்தி அச்சடிச்சிருப்பான். உங்க பிளாப்பிக்கு இங்கிலீஷ் வரிசைதான் தெரியும். சலோமிக்கும் அதான் தெரியும். நீங்கதான் பாத்துப் பாத்து அடிச்சீங்க.”

அமிர்தலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

சலோமி கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

“தொடச்சுக்குங்க சார்.”